பத்துத் துண்டு

ஹைஃபாவில் இருந்து றொசாலின் குரல் அனுப்பியிருந்தாள்.
இரவு டியூட்டி முடிந்து
மருதானையில் பஸ்ஸுக்கு நின்றபடி கேட்டேன்.

"அக்கா, ஒரு பகிடி.
கிழவி ஃப்ரூமா என்னைக் கொண்டு
வீடு முழுக்கப் பாண் தூள் தேடுவிச்சவ.
நாளைக்கு அவையளின்ர பெருநாள்.
புளிச்ச மா ஒரு பொட்டும் வீட்டில நிக்கக்கூடாதாம்.
லைற் எல்லாம் நூத்துப்போட்டு
ஒரு மெழுகுதிரி, ஒரு இறகு, ஒரு மரக்கரண்டி.
தேடுறவைக்கு ஏதும் அகப்படவேணுமெண்டு
பத்துத் துண்டு தானே ஒளிச்சு வைச்சவ.
எங்க வைச்சனெண்டு பிறகு மறந்துபோனா!
ஒன்பதுதான் கிடைச்சது.
மற்றதுக்காகச் சக்கரக் கதிரையில இருந்து அழுறா.
விடியக் கொண்டுபோய் எரிக்கவேணுமாம்."

அன்றிரவு எனக்கு ஓய்வு.
கொட்டாஞ்சேனை வீட்டில் கரண்ட் இருந்தது.
இருந்தும் நூர்த்தேன்.
நோயாளியின் கண்மணி பார்க்கும்
சின்ன டோர்ச்சை எடுத்தேன்.

அலுமாரியில் கூறைச் சேலையின் மடிப்புக்குள்
செட்டியார் தெரு அடைவுத் துண்டு. காப்பு இரண்டு.
அதன் கீழே அதன் வட்டி கட்டிய துண்டு.
அதன் கீழே, தவறிய மாதத்துக்கு வந்த கடிதம்.
செபப்புத்தகத்தில், சங்கீதங்களுக்கு நடுவே,
நத்தாருக்கு எடுத்த பண்டிகை முற்பணம்.
ஈஸ்டரும் வந்துவிட்டது, இன்னும் கழிக்கிறார்கள்.
மகளின் கொம்பாஸ் பெட்டியில்
ரியூஷன் மிஸ்ஸின் கையெழுத்து, மரியாதையாக, இரண்டாம் முறை.
அரிசி வாளிக்குப் பின்னால் மூன்று.
அமலதாஸின் பழைய சேட்டுப் பையில்
மோட்டார் சைக்கிள் லீசிங்.
அது எனக்குத் தெரியாது.

ஒன்பது.
மேசையில் பரப்பிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பத்துக்கு மா கரைத்து வைத்தால்
நாங்கள் நித்திரையாய் இருக்கும்போது பொங்கி
விடியும்போது மூடியைத் தள்ளும்.
வட்டிக்கும் இரவு டியூட்டிதான்.
அதற்கு மட்டும் ஓவர்டைம் காசு
ஒரு மாதமும் பிந்துவதில்லை.

ஃப்ரூமா எரிப்பாள். அவளுக்கு அது பாண்.
எனக்கு,
துண்டு எரிந்தால் காப்பு வராது.

பதினொரு வருடமாக வாட்டில்
கட்டில் கட்டிலாக எழுதுகிறேன்:
உள்ளே போனது, வெளியே வந்தது.
சேலைன் எவ்வளவு, வாயால் குடித்தது எவ்வளவு,
பையில் இறங்கிய மூத்திரம் எவ்வளவு,
வாந்திகூட அளந்துதான்.
ஒரு நாள் இரவு ஐம்பது மில்லிலீற்றர் இடித்தது.
கூட்டல் சரிவரும்வரை வீட்டுக்குப் போகவில்லை.
என் பெயருக்கு அப்படி ஒரு தாள்
இதுவரை யாரும் எழுதவில்லை,
நானும்தான்.

போன மாதக் கலண்டரைக் கிழித்து
பின்பக்கம் நடுவே கோடு போட்டேன்.
உள்ளே: சம்பளம். பெப்ரவரி ஓவர்டைம், வந்தால்.
வெளியே எழுத எழுத
கோடு போதாமல் மாதா படத்தின் பின்பக்கம்வரை போனது.
வாட்டுச் சிங்காரிப்புக்குக் கொடுத்ததையும் எழுதினேன்.
நிலூஃபா சிஸ்டருக்குக் கொடுத்து
கேட்கக் கூச்சப்படுகிற ஐயாயிரத்தையும்.
றொசாலினுக்கு ஒன்று ரைப் பண்ணி அனுப்பாமல் வைத்திருந்தேன்:
இந்த மாதம் கொஞ்சம் கூட அனுப்பேலுமோ.
அதை அழித்தேன்.
பிறகு அழித்ததற்காகக் கொஞ்சம் கவலைப்பட்டேன்.

இரண்டு மணிக்குக் கூட்டி முடித்தேன்.
உள்ளே போவதைவிட வெளியே போவது கூட.
இப்படி ஒரு கட்டிலில் கண்டால்
யோசிக்கமாட்டேன், ஓடிப்போய் டொக்டரை எழுப்புவேன்.

அமலதாஸை எழுப்பினேன்.
சண்டைக்கு இல்லை.
டொக்டரை எழுப்புகிற அதே குரலில்,
பெயர், நேரம், கணக்கு.

எழும்பி வந்து கதிரையில் இருந்தான்.
ஒன்பதையும் ஒவ்வொன்றாய் டோர்ச்சில் பிடித்துப் பார்த்தான்.
லீசிங் துண்டு வந்ததும்
டோர்ச் கொஞ்சம் ஆடியது.
என்னைப் பார்க்கவில்லை.
பேனையைக் கேட்டு வாங்கினான்.

"இன்னொண்டு இருக்கு" என்றான்.

லைற்றைப் போட்டுவிட்டு
தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்தேன்.