தீர்மானம் எண் ஒன்று

சோனாங்குப்பம் புயல் பாதுகாப்புக் கட்டடத்தில்
மாலை ஆறு என்று போட்டிருந்தோம்.
ஏழரைக்குத்தான் கோரம் சேர்ந்தது.
ஆறு ஊர், பதினோரு நாற்காலி.
ஒன்றுக்குக் கால் ஆடும்.

தலைவர் யார் என்பதற்கு முன்னால்
வண்டி ராத்திரி எங்கே நிற்கும் என்றார் கலியவரதன்.
அக்கரைக்காரர்கள் எழுந்துகொண்டார்கள்:
"படகுல வந்துதான் ஏறணும்னா
எதுக்குங்க சைரன்?"

ஹபீப் மரைக்காயர் விதிமுறைகளை வாசித்தார்.
தலைவர், துணைத்தலைவர், பொருளாளர்.
செயலாளர் என்றதும்
எல்லோரும் என் பேனாவைப் பார்த்தார்கள்.
சிங்காரத்தோப்பு இரண்டு இடம் கேட்டது.
"சுனாமில போனவங்க கணக்குப் பாத்தா
எங்களுக்கு நாலு வரணும்"
என்றது பின்வரிசை.
அதை நான் குறிக்கவில்லை.

ஓட்டுநர் தேசிங்கு வாசலில் நின்றான்.
பதினாலாம் விதிப்படி
அவனுக்கு ஓட்டு இல்லை.

ஏழு ஐம்பத்திரண்டுக்குப் போன் அடித்தது.
ராசாப்பேட்டை. பனிக்குடம் உடைந்துவிட்டது.
டீசல் முள் சிவப்பில் கிடந்தது.
பங்க்கில் கடன் சீட்டு கேட்பார்கள்,
சீட்டில் தலைவர் கையெழுத்து கேட்பார்கள்.
தலைவரோ
என் நோட்டில் இன்னும் வெறும் கோடு.
போட்டால் கடன் யார் தலையில் என்று
ஆளாளுக்குச் சட்டைப் பையைத் தடவினார்கள்,
பேனாவைத் தேடுகிறவர்கள் போல.

இறால் கம்பெனியிலிருந்து நேரே வந்த அஞ்சலாட்சி
(ஆடும் நாற்காலி அவளுக்குத்தான் வாய்த்திருந்தது)
"குடு" என்று வாங்கினாள்.
ஐஸில் விறைத்த விரல்.
அ போட்டு, ஞ் போட்டு,
லாவுக்கு வருவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது.
ட்சியைக் கூடவே நடந்து
ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் போட்டாள்.

பத்து மணிவரை பேசினோம். முடியவில்லை.
ஒத்திவைக்கப்பட்டது என்று எழுதினேன்.

அடுத்த மாதம் பங்க்கிலிருந்து பில் வந்தது:
தலைவர் திருமதி அஞ்சலாட்சி அவர்களுக்கு,
ரூபாய் ஆயிரத்து எண்ணூறு.
கலியவரதன் நெடுநேரம் மின்விசிறியைப் பார்த்தார்.
"பில்லுல ஏறிடுச்சு. இனிமே மாத்தினா
பங்க்காரன் குழம்புவான்."

ஏகமனதாக, என்று எழுதினேன்.
ஏகமனது என் சொல்.

தலைவர் முதல் காரியமாகத்
தேசிங்கை உள்ளே கூப்பிட்டார்.
தன் நாற்காலியை அவன் பக்கம் தள்ளி
"பாத்து உக்காரு, ஆடும்" என்றார்.
பதினாலாம் விதி என்ன ஆவது என்றார் மரைக்காயர்.
அடுத்த கூட்டத்துக்கு.

பிள்ளை பிறந்த விவரம் தீர்மானத்தில் வராது.
ஓரத்தில் பென்சிலால் வைத்திருக்கிறேன்:
பெண், இரண்டரைக் கிலோ, உப்பனாற்றுப் பாலத்தின் மேல்.

ஆயிரத்து எண்ணூறு இன்னும் பாக்கி.