மீனெண்ணெய்

பெர்கனில் பதினோராம் நாளாக மழை.
மாதாகோயில் கூடத்துப் பியானோவில்
ஒரு கட்டை, அழுத்தினால் எழுவதில்லை.
சுத்தியல் கம்பியைத் தொட்டுவிட்டுத்
திரும்ப மனமின்றி நிற்கிறது.

முன்பலகையைக் கழற்றினேன்.
மீன்வாடை.

காவலாளி ஸ்வெர்ரே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.
"படகுக் கீலெல்லாம் இதற்குத்தான் மசியும்.
சனிக்கிழமை கல்யாணம் வேறு."

கம்பளிக்கு எண்ணெய் ஆகாது.
குடித்து வீங்கி
முடியளவு அச்சாணியைக்
கழுத்தோடு பிடித்திருந்தது.

ஊசிமுனையில் ஸ்பிரிட்,
ஒரே சொட்டு.
ஆட்டி, அசைத்து,
இன்னொரு சொட்டு.
காயும்வரை இருவரும்
கூரைத்தகரத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

"நீங்களே அழுத்துங்கள்" என்றேன்.
தடித்த விரல் இறங்கியது.
ஓசை வந்தது. அதன்பின்
கட்டை எழுந்து
அவர் விரலையும் தூக்கிவிட்டது.

சிரித்தார்.
எத்தனை கட்டைக்கு ஊற்றினீர்கள் என்று
நான் கேட்கவில்லை.

"எல்லாவற்றுக்கும்" என்றார்.