கல்லாங்குத்து

சங்கிலியைத் தரையில் போட்டதும்
காற்று அதையும் ஒருமுறை இழுத்துப் பார்த்தது.
ஆனி மாதம். எழுமலைக்கு மேலே
மரம் நிற்காத மேட்டில்
நானும் செயின்மேன் ஒச்சப்பனும்
புல எண் நானூற்றுப் பதினொன்றைத்
தேடிக்கொண்டிருந்தோம்.
கீழே போகும் உசிலம்பட்டி பஸ் தெரியவில்லை,
ஹாரன் மட்டும் ஏறி வந்தது.

பழைய வரைபடத்தில் அந்தப் புலம்
கழற்றிப்போட்ட செருப்பு மாதிரி.
அதில் அலைபேசிக் கோபுரத்துக்கு அரை ஏக்கர்,
போய்வர இருபதடிப் பாதை.
அவ்வளவுதான் கேட்டிருந்தார்கள்.

வடகிழக்கு மூலைக்கல் கிடைக்கவில்லை.
கிடைத்ததெல்லாம் கல்.
இடுப்பளவு குவித்த கல்,
அதைச் சுற்றிக் குந்தியிருப்பவர்கள்போல
பதினேழு உருண்டைகள்.
அடுத்த குவியல் முப்பது தப்படியில்.
அதற்கடுத்தது விராலிப் புதருக்குள்.
நாற்பதில் நான் எண்ணுவதை நிறுத்தினேன்,
ஒச்சப்பன் நிறுத்தவில்லை.

"குள்ளருக கட்டுனது மேடம்.
முழங்கால் உசரம்தான் இருப்பாகளாம்.
வெயில் பொறுக்காம உள்ள போயிக்
கதவச் சாத்திக்கிட்டாக."

ஒன்றை மட்டும் யாரோ திறந்திருந்தார்கள்,
தங்கம் இருக்குமென்று.
நான்கு பலகைக்கல் நட்ட பெட்டி.
உள்ளே ஒரு குவார்ட்டர் பாட்டில்,
ஆட்டுப் புழுக்கை,
கறுப்பும் சிவப்புமாய் ஒற்றை ஓடு.
மூடுகல் ஓரமாய்ப் புரண்டு கிடக்கிறது,
எங்கள் ஜீப்பைவிட அகலம்.
முழங்கால் உயரத்தைப் பற்றி
நான் எதுவும் சொல்லவில்லை.

குவியலின் மேல்வரிசை முழுக்க வெங்கச்சாங்கல்.
அது இந்த மேட்டுக் கல் இல்லை.
ஏறும்போது ஓடையில் பார்த்தேன்,
ஒன்றரை கிலோமீட்டர் கீழே, நானூறு அடி ஏற்றம்.
ஆளுக்கு இரண்டு கல்லென்று வைத்தாலும்
ஒரு குவியலுக்கு முந்நூறு நடை.
கணக்குதான் என் பிழைப்பு.
அழுகைக்காக நடுவில் உட்கார்ந்த நேரத்தை
எதில் கழிப்பதென்று தெரியவில்லை.

படிவம், பத்தி ஆறு: நிலத்தின் வகைப்பாடு.
பதிவேட்டில் 'கல்லாங்குத்து' என்றிருக்கிறது.
தொப்பி போட்ட யாரோ இதே காற்றில் நின்று
பார்த்ததை எழுதியிருக்கிறார்.
பொய்யில்லை.

'மயானம்' என்று பரிந்துரைக்க எனக்கு வழியுண்டு.
எழுதினால் பத்தி ஏழு கேட்கும்:
எந்தச் சமூகத்தினர் பயன்பாட்டில்?

கீழே ஊரில் மூன்று மயானம், மூன்று பாதை.
அதில் ஒன்றைப் போன மாசியில்
போலீஸ் துணையோடு அளந்தேன்.
பாடை நடுரோட்டில் காத்திருந்தது.
நாடாவின் மறுமுனையைப் பிடிக்க
அந்தத் தெருவிலிருந்து ஆள் வரவில்லை,
இந்தத் தெருவிலிருந்தும்.

"நம்மாளுகன்னு போட்டுருங்க,"
ஒச்சப்பன் சிரிக்காமல் சொன்னார்.
கொஞ்ச நேரம் கழித்து அவரே,
"வேணாம் மேடம். நாளைக்கே அவனும்
நம்மாளும்பான்."

மூலைக்கல்லைக் கண்டுபிடித்தவரும் அவர்தான்.
முதல் வட்டத்தில், பதினேழு உருண்டைகளில் ஒன்றில்,
பாசியைச் சுரண்டியதும் உளி வெட்டிய அம்புக்குறி.
கீழிருந்து கல் சுமந்துவரச் சோம்பிய சர்வேயர்
நின்றதில் ஒன்றை
அரசாங்கக் கல்லாக்கிவிட்டு இறங்கியிருக்கிறார்.
அந்தப் புள்ளியிலிருந்துதான்
அடுத்த புலம், அதற்கடுத்த புலம்,
சரிவின் சோளக்காடு, கோயில் நிலம்,
மூன்று மயானங்களின் வேலியும்.

நானும் அதன்மேல்தான் தூக்குக்குண்டை இறக்கினேன்.
வேறு வழியில்லை.

பத்தி ஆறில்: மயானம், பரிந்துரைக்கப்படுகிறது.
பத்தி ஏழில் ஒரு கோடு இழுத்தேன்.
தாசில்தார் திருப்பி அனுப்புவார்.

மூன்று மணிக்கு மூட்டை கட்டினோம்.
முக்காலியின் ஒரு கால் ஆடுகிறதென்று
காலையில் ஒச்சப்பன் அண்டக் கொடுத்திருந்த கல்
வெள்ளையாக, தேங்காய் அளவில்,
புல்லில் தனியாகக் கிடந்தது.

"எடுத்த எடத்துல வச்சிருங்க," என்றேன்.

கையில் எடுத்தார்.
குவியலிடம் போனார்.
ஒரு சுற்றுச் சுற்றினார்,
காற்றுக்கு வேட்டியை ஒரு கையால் பிடித்தபடி.

"எந்த எடம் மேடம்?"