ஆறாவது லேப் டிப்

விரற்கடை அகலத் துணி ஒன்று கூரியரில் வந்தது.
மழையில் ஊறிய செங்கல்லின் நிறம்.
கூடவே ஒரு சீட்டு: கிளப்பின் முதல் ஜெர்சி இது,
தொண்ணூறாம் வருச விழாவுக்கு அப்படியே வேண்டும்.

பிரான்சின் தென்கோடியில் ஏதோ ஓர் ஊர்.
மெர்ச்சண்டைசர் நந்தகோபால் அதன் பெயரை
மூன்று விதமாகச் சொன்னான். மூன்றும் தப்பாம்.
ஆட்டம் ரக்பி. பக்கத்துக்குப் பதின்மூன்று பேர்.
பதினைந்து பேர் ஆடுகிறவர்கள் வேறு சங்கம்.
"பங்காளிச் சண்டையா?" என்றேன்.
"அதேதானுங்க மாஸ்டர்."

முதல் டிப், கருமை கூடுதல் என்று திரும்பியது.
இரண்டில் மஞ்சள் தூக்கல்.
மூன்று, பகல் விளக்கில் பாஸ், கடை விளக்கில் ஃபெயில்.
நான்கையும் ஐந்தையும் பற்றிப் பேசவேண்டாம்.
"அறுபது பீஸுக்கு எத்தனை தரம்யா சாயம் போடுவே?
சோடா உப்பு சும்மாவா வருது?"
பொன்னுலிங்கம் முதலாளி சத்தம் போட்டுவிட்டு
டீ வாங்கிக் கொடுத்தார்.

ராத்திரி ஷிப்டில் கவனித்தேன்,
துணியின் ஓரத்தில் ஒரு பழைய தையல்.
பையரின் சொத்து, பிரிக்கக் கூடாது.
பிரித்தேன்.
மடிப்புக்குள்
மாதுளையை உடைத்த மாதிரி ஒரு சிவப்பு.

"இது ரெண்டு தரம் நனைஞ்ச துணி.
யாரு நனைச்சாங்க, எதுக்குன்னு கேளு தம்பி."

பதில் வர நாலு நாள் ஆனது. நீளமான பதில்.
முப்பத்துநாலில் ஒரு கசாப்புக்கடைக்காரர்,
தபால்காரர்கள் இருவர், திராட்சைத் தோட்டக் கூலிகள்,
சாராயக்கடைப் பின்கட்டில் கூடித் தொடங்கிய கிளப்.
ஐந்து வருசத்தில் ஒரு கோப்பை.
அதைத் துடைத்து வைப்பதற்குள் யுத்தம்.
நாற்பத்தொன்றில், ஜெர்மானியனுக்குத் தலையாட்டிய சர்க்கார்
ஒரு தாளில் கையெழுத்துப் போட்டது:
பதின்மூன்று பேர் ஆடும் ஆட்டம் இனி கிடையாது.
பந்து, பாங்க் புத்தகம், கோல் கம்பம், எல்லாம் ஜப்தி.
ஆட்கள் ஜெர்சியைத் தேடி வந்த காலையில்
துணி வெளுக்கும் மார்செலின்
பதின்மூன்றையும் அக்ரூட் தோல் கொதிக்கும் அண்டாவில் முக்கிவிட்டு,
"தோட்டத்துச் சட்டைங்க" என்றாளாம்.
அதைப் போட்டுக்கொண்டுதான்
நாலு பனிக்காலம் கொடி கழித்திருக்கிறார்கள்.
யுத்தம் முடிந்து ஆட்டம் திரும்பிவந்தது.
பணம் வரவில்லை.
ரக்பி என்ற சொல்லைக்கூடத் திருப்பித் தரவில்லை.
பலகையில் வெகுகாலம் 'பதின்மூன்று ஆட்டம்' என்றே இருந்தது.

நந்தகோபால் படித்து நிறுத்தியதும்
சாயப்பட்டறைக்குச் சீல் வைத்த தை மாசம் வந்து போனது எனக்கு.
ஆனால் அது வேறு கதை.
நொய்யல் என்ன நிறத்தில் ஓடியது என்று தெரியும்.
அந்த நிறத்தில் என் கைக்கும் பங்குண்டு.
எங்கள் பூட்டுக்குக் காரணம் இருந்தது.
பூட்டுகிற சத்தம் மட்டும்தான் ஒன்று.

ஆறாவது டிப்பை இரண்டாக அனுப்பினேன்.
ஒன்று மாதுளை. ஒன்று மார்செலின்.
அங்கே கமிட்டியில் மூன்று வாரம் அடிதடியாம்.
செயலாளர் ராஜினாமா செய்து, மறுநாள் வாபஸ்.
கடைசியில் வெளியே சிவப்பு,
கழுத்துப்பட்டியின் உள்பக்கம் பழுப்பு.
பணம் கொஞ்சம் கூட ஆகும் என்றோம்; சரி என்றார்கள்.

மாசி கடைசியில் போட்டோ வந்தது.
நாற்பத்தாறுக்கு ஆறு என்று தோற்றிருக்கிறார்கள்.
மழை. ஒருவன்மேல் ஒருவனாகச் சேற்றில் கிடக்கிறார்கள்.
எது சிவப்பு, எது பழுப்பு,
போட்ட எனக்கே தெரியவில்லை.
படத்தைப் பெரிதாக்கி,
எதிராளி கொத்தாகப் பிடித்து இழுக்கிற
அந்தத் தோள்பட்டையைப் பார்த்தேன்.

தையல் விடவில்லை.