செனட்டரின் இடமாற்றம்

துறைமுகக் கிரேனில் என் கை
நாளொன்றுக்கு நூற்றிருபது கண்டெய்னர் இறக்கும்.
முப்பது டன் இரும்பு,
கீழே நிற்பவன் தொப்பியைக்கூட அசைக்காமல்
உட்காரும்.
நேற்று, வேலையில்லாத நாளில்,
ஒரு கைப்பிடிக் கனமில்லாத தங்கமீனை
இந்த மேசையிலிருந்து அந்தச் சுவரோரம் மாற்ற
இரண்டு கையும் நடுங்கின.

செனட்டர் என்று பெயர் வைத்தவன் என் தம்பி லிசான்ட்ரோ.
நாள்முழுக்க வாய் திறக்கிறது,
ஒன்றும் சொல்வதில்லை, அதனால்.
பொருட்காட்சியில் வளையம் எறிந்து வென்றது.
அப்போது கட்டைவிரல் நீளம்.
இப்போது கிண்ணத்தில் திரும்பும்போதெல்லாம்
வால் கண்ணாடியைத் துடைக்கிறது.
தம்பி வடக்கே செப்புச் சுரங்கத்துக்குப் போய்விட்டான்.
மீட்க வராத அடகுபோல
மீன் என்னிடம் தங்கிற்று.

மூடப்போகும் மருந்துக்கடையில்
நூற்றிருபது லிட்டர் தொட்டி, அடிமாட்டு விலைக்கு.
வால்பராய்சோவில் எதை வாங்கினாலும்
மேலே தூக்கத் தெம்பிருக்கிறதா என்று
முதலில் முழங்காலைக் கேட்கவேண்டும்.
நூற்று அறுபத்திரண்டு படி.
பக்கத்து வீட்டு எர்னால்டோவும் நானும்
படிக்கொரு வசவாக ஏற்றினோம்.
திருப்பத்தில் படுத்திருந்த நாய்
காலித் தொட்டியைப் பார்த்தது, எங்களைப் பார்த்தது,
முகத்தைத் திருப்பிக்கொண்டது.
சுவரில் இரும்புப் பட்டை அடித்துக் கட்டினோம்.
இந்த ஊரில் அலமாரி, அடுப்பு, கடிகாரம்
எல்லாமே கட்டிப்போட்ட மாடுகள்.

தண்ணீரை அவசரப்படுத்த முடியாது.
குளோரின் முறிக்கச் சொட்டுமருந்து விட்டேன்.
பழைய வடிகட்டியின் பஞ்சு
கன்னங்கரேலென்று நாறிற்று.
"கழுவிடாதே" என்று போனில் மூன்று தடவை கத்தினான்.
அந்த அழுக்கில்தான் அதன் உயிர் இருக்கிறதாம்.
இந்த வீட்டுக்கு வந்த புதிதில்
தரையெல்லாம் பளபளவென்று தேய்த்துவிட்டு
ஒரு மாதம் தூக்கம் வராமல் கிடந்தேன்.

வலை வேண்டாம், செதில் உரியும் என்றான்.
ஒரு பாலித்தீன் பையைக் கிண்ணத்தில் அமிழ்த்தி
வாயை விரித்துக் காத்திருந்தேன்.
செனட்டர் வெளிநடப்புச் செய்தார்.
இரண்டாம் தடவையும்.
மூன்றாம் தடவை, தோலுரித்த ஒரு பட்டாணிக்காகக்
கட்சி மாறினார்.

பையைப் புதுத் தொட்டியில் மிதக்கவிட்டேன்.
குளிரும் வெப்பமும் பழகிக்கொள்ள இருபது நிமிடம்.
அதற்குப் பிறகு, ஐந்து நிமிடத்துக்கு ஒரு கோப்பை
புதுத் தண்ணீர் பைக்குள்.

இரண்டாம் கோப்பை கையில் இருக்கும்போது
தரை அதிர்ந்தது.

பெரிதல்ல.
இதற்கெல்லாம் நாங்கள் நாற்காலியை விட்டு எழுவதில்லை.
விளக்கு ஆடிற்று. கரண்டிகள் கிணுகிணுத்தன.
குன்றெங்கும் நாய்கள்.
தொட்டித் தண்ணீர் ஒரு பக்கம் சாய்ந்து
மறுபக்கம் ஏறி
என் சட்டையில் ஒரு வீச்சு எறிந்தது.
பட்டை முனகிற்று, விடவில்லை.
பை மட்டும்
அலையோடு எழுந்து, அலையோடு இறங்கி.
அதற்குள் அவர்
செவுள் திறந்து, செவுள் மூடி,
அவை ஒத்திவைக்கப்பட்டதுபோல.

பதினோரு வருடமாக என் சம்பளம் இதற்குத்தான்:
கயிற்றில் தொங்குவது ஆடினால்
எதிர்த்து இழுக்காதே,
அது போகும் பக்கமே கொஞ்சம் போ, அடங்கும்.
ஆறு மாதப் பயிற்சி, இரண்டு தேர்வு.
ஒரு பைக்கு அது தெரிந்திருந்தது.

பையைச் சாய்த்தேன். வரவில்லை.
காபி போட்டுக் குடித்து வந்தேன். வரவில்லை.
தரையில் தண்ணீரைத் துடைத்துவிட்டு நிமிர்ந்தால்
பை காலி.
அவர் அடியில்,
ஒரு கூழாங்கல்லை வாயில் போட்டுப் பார்த்து, துப்பி,
அடுத்ததை எடுக்கிறார்.
எனக்கென்னவோ
எல்லாவற்றையும் பார்த்து முடிக்கிற உத்தேசம் போலத் தெரிந்தது.

முதல் ராத்திரி விளக்கு போடக்கூடாதாம்.
இருட்டில் போன் அடித்தது.
"எப்படி இருக்கான்?"
"வாய் திறக்கிறான்."
"என்ன சொல்றான்?"
"ஒண்ணும் இல்லை."
அப்புறம் நாங்களும் ஒன்றும் சொல்லவில்லை,
அவன் பக்கம் பாலைவனக் காற்று,
என் பக்கம் வடிகட்டி.
கண்ணாடியில் ஒரு கல் பட்டு விழுந்தது.
"அது என்ன சத்தம்?" என்றான்.