லைன் கிளியர்

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம்.
பன்னிரண்டு எம்.எம். கண்ணாடி.
கும்பகோணத்திலிருந்து டாட்டா ஏஸில்
ஜெகபர் அதைத் தோளில் சாய்த்துப் பிடித்தபடி வந்தார்.
தண்ணீர் நிரம்பினால் என்ன கனம் என்றார் வீட்டுக்காரர்.
பதினோரு மூட்டை நெல் என்றேன்.
நெல் என்றதும் புரிந்துவிட்டது,
புரிந்ததால் பயந்தார்.
ரசமட்டத்தில் குமிழி நடுவுக்கு வரும்வரை
என் பக்கத்திலேயே குந்தியிருந்தார்.

சிலிக்கான் காயும்வரை வீடெங்கும் காடி நாற்றம்.
ராஜகுமாரி ஒரு வாரம் ஜன்னலோரம் நின்று சமைத்தாள்,
ஒன்றும் சொல்லாமல்.

பிறகு நாற்பது நாள்
மீனில்லாத தண்ணீருக்கு விளக்குப் போட்டு வைத்தேன்.
மன்னார்குடி நண்பரின் பழைய தொட்டியிலிருந்து
அழுக்குப் பஞ்சு ஒன்று கேட்டு வாங்கி
பாலுக்கு உறை ஊற்றுவதுபோல
வடிகட்டியில் பிழிந்துவிட்டேன்.
சோதனைக் குழாயில் தினமும் ஐந்து சொட்டு:
பச்சை, மறுபடி பச்சை, ஒரு வாரம் கத்தரிப்பூ.
அது வைகாசி. வெண்ணாற்றில் மணல்தான் ஓடியது.
ஊர் மேட்டூர் அளவைப் பார்த்துக்கொண்டிருந்தது,
நான் அம்மோனியா அளவை.

ஆஸ்கர் நாலு விட்டேன், கட்டைவிரல் நீளம்.
வெண்ணாற்று மடையில் பிடித்த விரால் குஞ்சு ஒன்று.
அடுத்த ஆனிக்குள் ஆஸ்கர்கள் சாப்பாட்டுத் தட்டு அளவு.
வாரம் இருநூறு லிட்டர் மாற்றுவேன்.
பழைய தண்ணீர் கொல்லை வாழைக்குப் போகும்.
தார் பெருத்ததைப் பார்த்து
எந்தக் கடை யூரியா என்றார் எதிர்வீட்டுத் தெய்வாம்பாள்.

நான் மின்வாரியத்தில் ஒயர்மேன்.
மாதாந்திரப் பராமரிப்பு, ஒன்பது முதல் ஐந்து வரை;
நோட்டீஸில் எங்கள் தெருவும் உண்டு.
இன்வெர்ட்டர் பேட்டரி சித்திரையிலேயே செத்துப்போனது,
அடுத்த சம்பளம், அடுத்த சம்பளம் என்றிருந்தேன்.
சுவிட்சின் கைப்பிடியை இறக்கியதும் நான்தான்.
இறக்கும்போது
மூன்று கிலோமீட்டர் தள்ளி ஒரு மோட்டார்
மூச்சை நிறுத்தியது கேட்டது.

இரண்டே முக்காலுக்கு ராஜகுமாரி அழைத்தாள்.
"பெருசு மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடுது."
குவளையில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்று என்றேன்.
"எவ்வளவு நேரம்?"
கரண்ட் வரும்வரை.
"கரண்ட் எப்ப வரும்?"
பதினெட்டு வருஷமாக ஊர் கேட்கும் கேள்வி,
வீட்டிலிருந்து முதல் தடவை.

அமலதாஸ் இன்னும் கம்பத்தின் மேல் இருந்தார்.
இன்சுலேட்டர் துருப்பிடித்து இறுகியிருந்தது.
அவர் இடுப்புப் பெல்ட்டின் கொக்கி வெயிலில் பளிச்சிட்டது.
கைப்பிடியில் பூட்டு.
சாவி என் சட்டைப்பையில்.
ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன்,
அவ்வளவுதான்.
சீக்கிரம் என்று கூடக் கத்தவில்லை.
அவசரப்படுத்தினால் கை நழுவும்.

அவர் இறங்கினார், தண்ணீர் குடித்தார்,
பீடி ஒன்று பாதிவரை இழுத்தார்,
எல்லாரும் இறங்கியாச்சு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.
நாலு நாற்பதுக்கு லைனை ஏற்றினேன்.
உடனே போன்.
"வந்துடுச்சு" என்றாள்.
சைக்கிளில் திரும்பும்போது மூணாறு தலைப்பில் கூட்டம்.
சருகும் நுரையும் செருப்பொன்றும் தள்ளிக்கொண்டு
புதுத் தண்ணீர் வந்துகொண்டிருந்தது.
அங்கேயும் எல்லாரும் போனில்
அதே சொல்லைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

கூடம் முழுக்க ஈரம். குவளையின் காது உடைந்திருந்தது.
அவள் வலது கையைத் தூக்க முடியாமல்
இடது கையால் காபி கலக்கிக்கொண்டிருந்தாள்.
மூன்று ஆஸ்கர் இருந்தன.
நாலாவது, சின்னது, பக்கெட்டில் துண்டுக்கு அடியில்.
"பெருசையே பார்த்துக்கிட்டிருந்தேன்" என்றாள்,
"இது ஓரமா இருந்துச்சு, சத்தமே இல்ல."

விராலுக்கு ஒன்றும் ஆகவில்லை.
காய்ந்த குளத்துச் சேற்றில் கோடை கழித்த வம்சம்.
அன்று முழுக்க
மேலே வந்து ஒரு வாய் காற்றை விழுங்கிவிட்டு
கீழே போய்க்கொண்டிருந்ததாம்.

இன்று தண்ணீர் மாற்றும் நாள்.
குழாயை அவளே எடுத்துக் கொல்லைக்கு நீட்டிவிட்டாள்.
எதிர்வீட்டுத் தெய்வாம்பாள்
ஏற்கெனவே வாளியோடு நிற்கிறார்.