எத்தனை ஆள்

பாடாங் செராய் பழைய சந்தைக்குப் பின்னால் என் கடை.
சட்டையில் எழுத்து அடிப்பது தொழில்.
வியாழக்கிழமை மழை விட்டதும் லோகேந்திரன் வந்தான்,
கைபேசியில் படம் காட்டினான்:
பாய்கிற புலி, புலிக்குக் கீழே கப்பல்,
கப்பலுக்குக் கீழே தீப்பிடித்த எழுத்தில்
ஆண்ட இனம்.

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்னாலும் தெரியணும் அக்கா."

எழுத்துரு தேடிக்கொண்டே கேட்டேன், சும்மாதான்,
"எந்த ஊரை ஆண்டாங்க?"
"இந்த ஊரைத்தான். கப்பல்ல வந்து
கெடாவையே அடிச்சாங்க. நீங்க படிக்கலையா?"

படித்தேன், ஆறாம் வகுப்பு வரை.
அப்புறம் பெரட்டுக்குப் போனேன்.
விடியாத ஐந்தரை மணிக்கு
காஸ் விளக்கின் கீழே கிராணி பேர் கூப்பிடுவார்.
அங்கம்மா, ஒரு ஆள்.
அங்கம்மா மகள், அரை ஆள்.
எனக்கும் பேர் இருந்தது,
அவர் புத்தகத்தில் அதற்குக் கட்டம் இல்லை.
அரை ஆளுக்கு அரைச் சம்பளம்.
மங்கு துடைக்கிற கை மட்டும் முழுசு.

அந்த வருஷம் மழைக்காலத்தில் வயதுக்கு வந்தேன்.
லயம் முழுக்க ஒரே பேச்சு,
"அங்கம்மா மக ஆளாயிட்டா."
தண்ணி ஊற்றின மறுவாரம்
அம்மா போய் கிராணி முன்னால் நின்றாள்:
"ஆளாயிட்டாளே ஐயா,
இனிமே முழு ஆளாப் போட்டுருங்க."
அவர் சிரித்த சிரிப்பில்
மேசை மேலிருந்த மைக்கூடு ஆடியது.
போடவில்லை.

ஆள் என்றால் ஆட்சி செய் என்று ஏவல்.
ஆள் என்றால் வரிசையில் நிற்கிற ஒரு தலை.
இரண்டுக்கும் அதே இரண்டெழுத்து, அதே புள்ளி.
யார் ஏறி உட்கார்ந்தது, யார் குனிந்தது,
சொல் காட்டிக்கொடுப்பதில்லை.
சொல்கிற வாய்
மேசைக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தால்தான் தெரியும்.

அப்பாவைப் பெற்றவரும் கப்பலில்தான் வந்தார்.
நாகப்பட்டினத்தில் ஏற்றும்போது எண்ணினார்களாம்,
பினாங்கில் இறக்கும்போது எண்ணினார்களாம்,
கணக்கு ஒத்துவரவில்லையாம்.
அந்தக் கப்பலைச் சட்டையில் அடிக்கச் சொல்லி
இதுவரை ஒருத்தரும் வந்ததில்லை.

இதெல்லாம் லோகேந்திரனிடம் சொல்லவில்லை.
நூறு வெள்ளி முன்பணம் மேசையில் இருந்தது,
கடை வாடகை இரண்டு மாசம் பாக்கி.

அவன் போன் அடித்தது.
"ஹலோ. செம்பனைக் காட்டுக்கா? எத்தனை ஆள் குறையுது?
பங்களா ஆள் நாலு இருக்கு பாஸ்.
ஒண்ணுக்குக் காய்ச்சல், அது வேணாம்.
பாஸ்போர்ட் எல்லாம் என்கிட்டதான் இருக்கு,
எங்கேயும் போகாது."

போகாது என்றான்.
லாரி போகாது, ஆடு போகாது என்கிற மாதிரி.

வாசலில் அவன் வேன் நின்றது.
பின் கண்ணாடியில் நெற்றியைச் சாய்த்து ஒரு பையன்
என் கடைத்திரையில் பாய்கிற புலியையே பார்த்தான்.
அவன் மூச்சில் கண்ணாடி மங்கி, தெளிந்து, மங்கியது.

ரசீதுப் புத்தகத்தை விரித்தேன்.
"எத்தனை சட்டை?"
"இருபத்தி நாலு ஆளுக்கு அக்கா."
எழுதினேன்.
"வேன்ல யாரு?"
திரும்பிப் பார்த்தான்,
எதையாவது மறந்துவிட்டோமோ என்பதுபோல.
"அதுவா? ஆள்தான்."

பிறகு திரைக்குக் குனிந்து
விரலால் தொட்டுக் காட்டினான்:
"இந்த ஆ இருக்குல்ல அக்கா,
இதை மட்டும் இன்னும் கொஞ்சம் பெரிசாக்குங்க."